தங்கவயல் தொழிலாளர் குடும்பங்கள்: இறங்கிய ஆழமும் ஏறிய படியும்



நம் ஆலயம் எழுந்த வரலாறு, மணிக்கூண்டு கட்டிய கதை, இதுவரை பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவை இந்த யூபிலி மலரின் பிற பக்கங்களில் இடம் பெற்றுள்ளன. மலர்க் குழுவினர் நம்மிடம் கேட்டது ஓர் ஆசியுரை மட்டுமே. ஆனால் சென்ற தவக்காலத்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கறையானிடமிருந்து காப்பாற்றி, உபதேசியார் துணையோடு வெயிலில் உலர்த்தியபோது, நம் கண்ணில் பட்ட ஒன்று மனத்தை விட்டு அகல மறுக்கிறது. ஆகவே ஆசியுரையைச் சுருக்கிக்கொண்டு அதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

பதிவேட்டில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், குடியிருப்பு ஆகியவற்றோடு தகப்பனின் தொழிலுக்கென்றும் ஒரு கட்டம் உண்டு. பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்த வேதபோதகக் குருக்கள் அக்கட்டத்தில் கூலியாள் என்று பொருள்படும் இலத்தீன் சொல் ஒன்றை எழுதி வைத்தனர். பக்கத்தைப் புரட்டினால் அதே சொல். மறுபக்கத்திலும் அதே சொல். சில இடங்களில் எழுதிய கை சலித்துப்போய், ‘மேற்படி’ என்பதற்குரிய இரண்டு சிறு கோடுகளை மட்டும் இட்டிருக்கிறது. பின்னாளில் வந்த நம் நாட்டுக் குருக்கள் ‘சுரங்கத் தொழிலாளி’ என்று தமிழில் எழுதினர். எழுத்து மாறியது, மொழி மாறியது, தொழில் மாறவில்லை. ஒரே குடும்பத்தில் பாட்டனுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் அதே கட்டத்தில் அதே தொழில்.

இவர்களுக்கு அறிவு குறைவா? உழைப்புக் குறைவா? உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றை வெட்டியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. பின் ஏன் மூன்று தலைமுறை ஒரே கட்டத்தில் நின்றது? நமக்குத் தெரிந்த அளவில் இதற்கு விடை தேடுவோம்.

கோலார்ப் பகுதியில் தங்கம் உண்டு என்பது பழங்காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. 1873இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை கேட்டு விண்ணப்பித்தவர் மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்து நாட்டுப் பழைய போர்வீரர். அவர் கையில் போதிய முதல் இல்லை. உரிமை கைமாறிக் கடைசியில் 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தபின்பே வேலை சூடு பிடித்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்கள் எழுந்தன. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி வழியாக இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூர் நகருக்குத் தெருவிளக்கு எரிந்தது 1905இல்தான். பெங்களூருக்கு முன்னே எங்களுக்குக் கரண்ட் வந்தது என்று நம் பெரியவர்கள் இன்றும் மார்தட்டிக்கொள்வார்கள். அந்த மின்சாரம் வந்தது இயந்திரத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும்; தொழிலாளர் லைன் வீட்டுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேலைக்கு ஆள் வந்தது எங்கிருந்து? பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த ஆதிதிராவிட மக்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் வாட்டிய பெரும் பஞ்சம் அப்போது மறையாத நினைவு. ஊரில் பண்ணையாளாக இருந்தவனுக்குக் கூலி தானியமாக அளக்கப்படும். வாங்கிய கடன் மகன் தலையில் விழும். இங்கேயோ கூலி காசாகக் கையில் வரும். ஆகவே நாம் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சுரங்கத்துக்குள் இறங்கியதே நம் மக்கள் ஏறிய முதற்படி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய 30,000 பேர் இங்கே வேலை செய்தார்கள் என்றால், ஊரில் அவர்களை இருத்தி வைக்க எதுவும் இல்லை என்பதே அதன் பொருள்.

நாமும் வட ஆற்காட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்தவரே. நம் பாட்டனாரின் தம்பி ஒருவர் கோலாருக்குப் போனவர். இரண்டாண்டு கழித்துக் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது காலில் செருப்பும் கையில் குடையுமாக வந்தாராம். ஊர்த் தெருமுனையிலேயே நிறுத்தி, குடையை மடக்கு, செருப்பைக் கழற்று என்றார்களாம். அவர் மறுபேச்சுப் பேசாமல் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சேரிக்கு வந்து, மறுநாளே ரயில் ஏறியவர், அதற்குப் பிறகு ஊர்ப் பக்கமே திரும்பவில்லை. இதைச் சிறு வயதில் நம் பாட்டியார் சொல்லக் கேட்டோம். உங்களில் பலருடைய வீட்டிலும் இதே போன்ற கதை ஒன்று இருக்கும்.

முதற்படி ஏறியாயிற்று. இரண்டாம் படி எங்கே?

அங்கேதான் தடை. சுரங்கத்தில் ஏணி உண்டு. ஆனால் ஒவ்வொரு படிக்கும் ஒவ்வொரு இனம். மேலே ஐரோப்பியர், தொடக்க காலத்தில் அவர்களோடு இத்தாலிய நாட்டுச் சுரங்கக்காரரும் இருந்தனர். நடுவில் ஃபோர்மன், மெக்கானிக் வேலைகளில் ஆங்கிலோ-இந்தியர். ஆபீசில் கணக்கெழுதப் படித்த மேல்சாதியார். காவலுக்குப் பஞ்சாபியர். பாறை முகத்தில் நின்று துளை போட்டு, வெடித்த கல்லை வாரித் தள்ளுகிறவர் நம்மவர். நன்றாக வேலை செய்தால் மேஸ்திரி ஆகலாம். அதோடு சரி. மேஸ்திரி என்பவரும் பெரும்பாலும் கம்பெனிக்கு ஆள் பிடித்துத் தரும் காண்ட்ராக்டருடைய ஆள். ஊரிலேயே முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவர், அந்தக் கடன் தீரும்வரை தொழிலாளியின் பிடரியை விடமாட்டார். பண்ணைக் கடனை விட்டு வந்தவன் காண்ட்ராக்டர் கடனில் விழுந்தான். சம்பள நாளில் கேட்டுக்கு வெளியே வட்டிக்காரரும் சாராயக் கடைக்காரரும் காத்திருந்தது வேறு. குடியைப் பற்றிப் பிரசங்கத்தில் நாம் போதுமான அளவு பேசியிருக்கிறோம், இங்கே விட்டுவிடுவோம்.

பொன் விளையும் இடத்தில் ஐயமும் விளைந்தது. வேலை முடிந்து மேலே வருகிறவனை உடம்பெல்லாம் தடவிச் சோதித்தே அனுப்பினார்கள். 1930இல் ஒவ்வொரு தொழிலாளியும் கைரேகை பதிய வேண்டும் என்று ஏற்பாடு வந்தபோது நம் மக்கள் பொங்கி எழுந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். கைரேகை திருடனுக்கும் கொலைகாரனுக்கும் எடுப்பது; எங்களுக்கு ஏன் என்றார்கள். அப்போது முறையான சங்கம் கிடையாது. சங்கங்கள் வேரூன்றியது 1940களில்தான். ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாத அம்மக்கள் கூலி உயர்வுக்காக அன்றி மானத்துக்காக வேலையை நிறுத்தினார்கள் என்பது வரலாறு. தொழிலாளருக்கும் மானம் உண்டு, நியாயமான கூலிக்கு உரிமை உண்டு, சங்கம் அமைக்க உரிமை உண்டு என்று பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1891இலேயே சுற்றுமடல் எழுதிவிட்டார். அம்மடலைக் குருமடத்தில் நாம் பரீட்சைக்காகப் படித்தோம். இந்த லைன்களில் அது எப்போது வாசித்துக் காட்டப்பட்டது என்று பழைய அறிவிப்புப் புத்தகங்களில் தேடிப் பார்த்தோம். நம் கண்ணில் படவில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். நம் பார்வையில் மற்றெல்லாத் தடையையும்விடப் பெரிய தடை வீடுதான். மூங்கில் தட்டியாலான சிறு குடில்களில் தொடங்கி, பிறகு வரிசை வரிசையாக எழுந்த லைன் வீடுகள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு. தகப்பன் இறந்தால், அல்லது நெஞ்சு கெட்டு வேலைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் எழுதிவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீட்டைக் காப்பாற்ற ஒரே வழி, மகன் ஒருவன் சுரங்கத்தில் சேர்வது. பத்தாம் வகுப்பில் முதல் மாணவனாக இருந்தாலும் மூத்த மகன் புத்தகத்தை வைத்துவிட்டுக் கேஜில் இறங்கினான். வயதான தாய்க்கும் தம்பி தங்கையருக்கும் தலைக்கு மேலே கூரை வேண்டுமே! வெளியூரில் நல்ல வேலை கிடைத்தும் போகாதவர்கள் நம் பங்கில் பலர். இவர்களைப் பார்த்து ‘முன்னேற ஆசையில்லாதவர்கள்’ என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொன்னவர்களுக்குச் சொந்த வீடு இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ எப்படியாவது ஒரு துண்டு மனை வாங்கி, மண் சுவராவது எழுப்பிக்கொண்ட குடும்பங்களைக் கவனித்துப் பாருங்கள். கம்பெனி வீட்டை நம்பி நிற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அவர்கள் பிள்ளைகளே முதலில் ஆசிரியர் பயிற்சிக்கும் நர்சு படிப்புக்கும் ரயில்வே பரீட்சைக்கும் போனார்கள். பதிவேட்டில் தொழில் கட்டம் முதன்முதலாக மாறுவது பெரும்பாலும் இத்தகைய குடும்பங்களில்தான் என்பதை நாம் பெயர் பெயராக ஒத்துப் பார்த்தோம். அம்மனையை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அனேகமாகத் தாய்மாரிடமிருந்துதான். ஆடு வளர்த்து, இட்லி சுட்டு விற்று, சீட்டுக் கட்டி, கணவன் கைக்கு எட்டாமல் அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்த பணம் அது. பதிவேட்டில் தாயின் தொழிலுக்குக் கட்டம் கிடையாது!

நோயைப் பற்றியும் சொல்லாமல் தீராது. பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. 1940க்கும் 1946க்கும் இடையில் இங்கே 7,653 தொழிலாளரைச் சோதித்துப் பார்த்ததில் 3,402 பேருக்கு அந்நோய் இருந்தது தெரிந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பத்து நான்கு பேர்! பின்னர் இழப்பீட்டு விதிகளும் தூசியைக் குறைக்கும் ஏற்பாடுகளும் வந்தன. ஆனால் ஒரு குடும்பத்தின் முன்னேற்றத்துக்கு இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள். தகப்பன் நன்றாகச் சம்பாதிக்க வேண்டிய நாற்பது வயதில் நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். அப்போது மூத்த பிள்ளைக்குப் பதினைந்து வயது. அவன் பள்ளியை விடுகிறான். இருபது ஆண்டு கழித்து அவனுக்கும் அதே கதை. ஒவ்வொரு தலைமுறையிலும் படிப்புக்குரிய காலமும் தகப்பன் நோயில் விழும் காலமும் ஒன்றாகவே வந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில், பாறை தானே வெடித்துச் சிதறும் ஆபத்தும் சேர்ந்தே இருந்தது. அந்த வெடிப்பில் மேலே லைன் வீட்டுச் சுவர்கள் அதிர, பெண்கள் வாசலுக்கு ஓடி வந்து நிற்பார்களாம். இறந்தோர் பதிவேட்டை நாம் வெயிலில் உலர்த்தவில்லை. அதைத் திறந்து பார்க்க இன்னும் மனம் துணியவில்லை.

பள்ளிகளின் கதை நம் சபைக்கு முழுப் பெருமை தருவதன்று. குருக்களும் கன்னியரும் இங்கே பள்ளிகள் நடத்தினார்கள், உண்மை. அவர்கள் இல்லையென்றால் பலர் எழுத்தே அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஆங்கிலப் பள்ளி ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பிள்ளைகளுக்கு என்றும், தமிழ்ப் பள்ளி தொழிலாளர் பிள்ளைகளுக்கு என்றும் பிரிந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. தமிழ்ப் பள்ளியில் படித்தவன் செபப் புத்தகம் வாசிப்பான், கையெழுத்துப் போடுவான். அதற்கு மேல் ஆபீஸ் வாசலுக்கு அப்படிப்பு அவனைக் கொண்டு சேர்க்கவில்லை. அக்காலத்துப் பெரியோரை இன்று குறை கூறுவது எளிது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லாவிட்டால் இது வரலாறாகாது.

நம் சபைக்கு வெளியே இருந்தவர்களையும் நன்றியோடு நினைக்க வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய பௌத்த இயக்கம் 1907 முதலே மாரிக்குப்பத்தில் கிளை கொண்டிருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தபின் நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926இல் அப்பாதுரையார் இந்தத் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளியிட்டார். ஷிஃப்டு முடித்துக் குளித்துவிட்டு, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்ட வாசகசாலைகள் இவ்வூரில் இருந்தன. நம் குருக்களுக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம் நடந்ததுண்டு. ஆனால் ‘நீ தாழ்ந்தவன் அல்லன், படி’ என்று தொழிலாளியிடம் சொன்னதில் அவர்கள் நமக்கு இளைத்தவர்கள் அல்லர். சில வேளை நமக்கு முன்னே சொன்னவர்கள்.

நாடு விடுதலை பெற்றது. ஆதிதிராவிட மக்களுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் இட ஒதுக்கீடு வந்தது. பாட்டன் காணாத கதவு பேரனுக்குத் திறந்தது. ஆனால் 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து சமயத்தைச் சேராதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தச் சமயக் கட்டுப்பாட்டை நீக்கலாம் என்று பரிந்துரைத்தும் ஆணை மாறவில்லை.

ஒரே லைனில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரு தகப்பன்மாரும் ஒரே கேஜில் இறங்குகிறவர்கள். இருவரும் ஒரே ஊரிலிருந்து வந்த ஒரே சாதியார்; ஊருக்குப் போனால் இருவருக்கும் ஒரே தேநீர்க்கடையில் ஒரே தனிக்குவளை. ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடமும் உதவித்தொகையும் கிடைக்கின்றன. மற்ற வீட்டுப் பிள்ளை பிற்படுத்தப்பட்டோர் வரிசையில், தன்னைவிட வசதியுள்ளவர்களோடு போட்டியிட நிற்கிறது. அவ்வீட்டுச் சுவரில் திரு இருதயப் படம் மாட்டியிருக்கிறது என்பதொன்றே வேறுபாடு. இதன் விளைவாகச் சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு: கோயிலுக்கு ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழுக்கு ஒரு பெயர். நமக்கு முன்னிருந்த குருக்களில் சிலர் இதைக் கடுமையாகக் கண்டித்தார்கள். நாம் கண்டிக்கத் துணியவில்லை. ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்த தாய் ஒருவர், ‘சாமி, இதை ஆபீசில் காட்டினால் பிள்ளைக்கு இடம் போய்விடும், காட்டாவிட்டால் எனக்குப் பாவம் வந்துவிடும், நான் என்ன செய்யட்டும்?’ என்று கேட்டார். குருமடத்தில் நாம் படித்த அறநெறி நூல்களில் அதற்குச் சுருக்கமான விடை இல்லை. அமர்ந்து பேசினோம்; அழுதார்; போனார். பிள்ளை இப்போது பொறியாளராக இருக்கிறது. எந்தப் பெயரில் என்று நாம் கேட்கவில்லை.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தங்கவயல் மைசூர் மாநிலத்தில் நின்றது. அதே ஆண்டில் மாநில அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் அவை நடுவண் அரசின் கைக்கு மாறி, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயர் பெற்றன. கம்பெனி துரைகள் போனார்கள்; நம்மவர் சிலர் ஆபீசிலும் மேற்பார்வையிலும் அமர்ந்தார்கள். இது மெய்யான ஏற்றமே. ஆனால் ஏணி கிடைத்த வேளையில் சுவர் சரியத் தொடங்கியது. தொடக்கத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம் கடைசியில் 3 கிராம் அளவுக்குக் குறைந்தது. வேலையாட்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சுருங்கியது. ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவருக்கே சுரங்கத்தில் இடம். மற்றவர் எங்கே போவது? தமிழ்வழியில் படித்தவனுக்கு மாநில அரசு வேலைக்குக் கன்னடம் போதாது. பெங்களூர்க் கம்பெனி வேலைக்கு ஆங்கிலம் போதாது. வாழ வந்த மண்ணின் மொழியைக் கற்பது நம் கடமைதான். காலத்தோடு கற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். மற்றவர் வயது கடந்தபின் விழித்தார்கள். 1964இல் அமைந்த பாரத் எர்த் மூவர்ஸ் தொழிற்சாலை ஒரு சாராருக்குக் கை கொடுத்தது. நம் பதிவேட்டில் ‘டர்னர்’, ‘வெல்டர்’, ‘ஃபிட்டர்’ என்ற சொற்கள் மிகுதியாகத் தலைகாட்டுவது அதற்குப் பிறகுதான்.

இடையே ஒரு செய்தி. 1965இல் இதே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில் இந்திய, ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகள் கருவிகள் அமைத்து, வானவெளியிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். உலக அறிவியலில் பெயர் பெற்ற நிகழ்ச்சி அது. விஞ்ஞானியும் தொழிலாளியும் ஒரே கேஜில்தான் இறங்கினார்கள். நம் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஊர்ப் பெயரில் 2018இல் வந்த கன்னடத் திரைப்படத்தைப் பற்றிக் கேட்டால் வசனத்தோடு ஒப்பிக்கிறார்கள்!

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்த இடம் அது. அப்போது வேலையில் இருந்தோர் சுமார் 3,500 பேர். வேலையோடு ஆஸ்பத்திரியும் போயிற்று. வீடு யாருக்கு என்ற கேள்வி மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அந்நாட்களைக் கண்ட பெரியவர்கள் நம் பங்கில் இன்னும் இருக்கிறார்கள். கையில் கிடைத்த தொகையை மகள் திருமணத்துக்கும் பழைய கடனுக்கும் கொடுத்துவிட்டு, ஐம்பது வயதில் பெங்களூரில் காவலாளி உடுப்பு மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் ஓசையைக் கேட்டே ஆபத்தை அறிந்தவர், அடுக்குமாடிக் கட்டிட வாசலில் கார் எண்களை எழுதிக்கொண்டு நின்றார். இவர்களுக்கு இது ஏற்றமா, இறக்கமா? சம்பளத்தை வைத்துச் சொல்வதா, மரியாதையை வைத்துச் சொல்வதா?

‘சுரங்கம் மூடியதே நல்லது சாமி, அதனால்தான் எங்கள் பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள்’ என்று நம்மிடம் சொல்வோர் உண்டு. இளைஞர் பலரும் இவ்வாறே எண்ணுகிறார்கள். நாம் இதை முழுதும் ஏற்கவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன்னே புறப்படும் ரயிலில் ஏறி, நூறு கிலோமீட்டர் போய் வேலை செய்து, இரவில் வீடு திரும்பும் நம் இளைஞரில் கணிப்பொறி நிறுவனத்துக்கும் ஆஸ்பத்திரி ஆய்வகத்துக்கும் போவோர் யார், கட்டிட வேலைக்கும் துப்புரவுக்கும் போவோர் யார் என்று பார்த்தோம். சுரங்கம் மூடுவதற்கு முன்பே வீட்டில் ஒருவராவது பள்ளி இறுதி வரை படித்திருந்தால், அல்லது சொந்த மனை ஒன்று இருந்திருந்தால், அவ்வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டாம் கூட்டத்தில். அதாவது, மேலே வந்தவர்களைத் தூக்கிவிட்டது சுரங்கத்தின் மூடல் அன்று. அது திறந்திருந்த நாளில் மாதந்தோறும் தவறாமல் வந்த சம்பளமும் காசில்லாமல் கிடைத்த மருத்துவமும் அரிசிப் பானைப் பணமும்தான். மூடல் செய்ததெல்லாம், தயாராக இருந்தவரையும் இல்லாதவரையும் ஒரே நாளில் தெருவில் நிறுத்தியது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அண்ணனைப் படிக்க வைத்து, தங்கையைப் பத்தாவதோடு நிறுத்திய வீடுகள் நம் பங்கில் ஏராளம். ஆனால் இன்று வயதான பெற்றோரைத் தாங்குவது யார் என்று பார்த்தால், நர்சாகவும் ஆசிரியையாகவும் போன பெண்களே முன்னால் நிற்கிறார்கள். பூசைக் கருத்துக்குப் பணம் அனுப்பும் பெயர்களிலும் இது தெரிகிறது.

சென்ற மாதம் ஓர் இளம் தம்பதியர் குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். தகப்பனின் தொழில் என்ன என்று கேட்டோம். அவர் ஏதோ ஆங்கிலப் பெயர் சொன்னார், நமக்கு விளங்கவில்லை. ‘வாடிக்கையாளர் கேட்பதற்குக் கணிப்பொறி வழியாகப் பதில் எழுதும் வேலை, ஃபாதர், ஆறு மாத காண்ட்ராக்ட்’ என்று விளக்கினார். கூட வந்திருந்த பாட்டனார், கேஜில் முப்பது ஆண்டு இறங்கியவர், நம்மைப் பார்த்து, ‘காண்ட்ராக்டா? எங்க அப்பா வந்ததும் காண்ட்ராக்டில்தான் சாமி’ என்று சொல்லிச் சிரித்தார். அந்தக் கட்டத்தில் ‘தனியார் நிறுவனப் பணி’ என்று எழுதிவைத்தோம்.

விழா நாட்களில் பங்கு மன்றத்தில் ஒரு சிறு கண்காட்சி வைக்க எண்ணியுள்ளோம். வீட்டுப் பரணிலும் தகரப் பெட்டியிலும் கிடக்கும் டோக்கன், சம்பளச் சீட்டு, தலைவிளக்கு, பழைய புகைப்படம், மனைப் பத்திரத்தின் நகல், தாய்மாரின் சீட்டுக் கணக்கு நோட்டு, எதுவானாலும் கொண்டுவந்து உபதேசியாரிடம் கொடுங்கள். பின்புறம் பெயரும் லைன் எண்ணும் எழுதிக் கொடுத்தால் போதும். விழா முடிந்த வாரமே பத்திரமாகத் திருப்பித் தருவோம்.